உபகாரமேரி குடித்த ஒரு கிளாஸ் ஒயின்

வாந்தி எடுக்கவில்லை. முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். மற்றதைப் பற்றி யார் என்ன பேசினாலும் பேசிக்கொள்ளட்டும், உபகாரமேரி பாண்டிச்சேரியில் மரத்தடியில் குனிந்து வாந்தி எடுத்தாள் என்பது மட்டும் பச்சைப் பொய். போட்டோவில் குனிந்துதான் இருக்கிறாள், சரி. குனிந்தவர்கள் எல்லாம் வாந்தியா எடுக்கிறார்கள்? நாற்று நடுகிறவர்களும் குனிகிறார்கள், வாசல் கூட்டுகிறவர்களும் குனிகிறார்கள். அந்தப் போட்டோவை விரலால் கொஞ்சம் பெரிசாக்கிப் பார்த்திருந்தால் அவள் கையில் ஒரு பீங்கான் கிண்ணம் இருப்பது தெரிந்திருக்கும். ஒருத்தரும் பார்க்கவில்லை. பார்த்தால் கதை போய்விடுமே.

தள்ளாடினாள் என்கிறார்கள். அன்றைக்குக் காலையில் அவள் இரண்டு கண்ணிலும் டாக்டர் சொட்டு மருந்து விட்டிருந்தார். அந்த மருந்து விட்டால் ஐந்தாறு மணி நேரத்துக்குக் கண்மணி விரிந்தே கிடக்கும், பக்கத்தில் இருப்பது புகையாகத் தெரியும், வெயில் ஊசியாகக் குத்தும். சொல்கிறவர்கள் ஒருநாள் அந்த மருந்தைப் போட்டுக்கொண்டு நேராக நடந்து காட்டட்டும்.

குடித்தாளா என்று கேட்டால், குடித்தாள். ஒரு கிளாஸ். அதிலும் கால்வாசி மேசையில் கொட்டிப்போனது. அவளே அதை மறைக்கவில்லை, மற்றவர்கள் ஏன் மறைக்க வேண்டும்?

உபகாரமேரிக்கு ஐம்பத்தெட்டு வயது. வடக்கனந்தலை ஒட்டிய சின்ன ஊர் ஒன்றில், மாதா கோயிலுக்கு எதிர்ச்சாரியில் மூன்றாவது வீடு. மகன் ஆல்பர்ட் கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கிறான். மருமகள் ஷீபா தையல் மிஷின் வைத்திருக்கிறாள். புருஷன் செபாஸ்தியான் நெஞ்சுவலியில் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. கழனி வேலை, கரும்பு வெட்டு, நூறு நாள் வேலை எல்லாம் பார்த்தவள்தான். ஆனால் ஊரில் அவளுக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தது வேறொரு வேலை. முப்பத்திரண்டு வருஷமாகக் கோயிலில் பூசைத் துணி துவைத்தவள் அவள். சம்பளம் கிடையாது. வருஷத்துக்கு ஒரு புடவை, திருவிழாவில் முன் வரிசையில் இடம், அவ்வளவுதான். அதைத் தன் சொந்த நிலம் மாதிரி வைத்துக் காப்பாற்றினாள்.

வீட்டுத் துணி துவைப்பதும் பூசைத் துணி துவைப்பதும் ஒன்றில்லை. பூசையில் சாமியார் கிண்ணத்தில் ஏந்துகிற திராட்சை இரசம் ஆண்டவருடைய இரத்தமாகவே ஆகிவிடுகிறது என்பது வேதக்காரர்களின் நம்பிக்கை. சாமியார் மட்டும் அதைப் பருகுவார், சனங்களுக்கு அப்பம் மட்டும்தான். பருகி முடித்ததும் கிண்ணத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைப்பார். அந்தத் துணியில் ஒரு துளியாவது ஒட்டியிருக்கும் அல்லவா? அதனால் அதை முதலில் அலசுகிற தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. கால் மிதிக்காத மண்ணாகப் பார்த்து, செடி வேரில்தான் ஊற்ற வேண்டும். அப்புறம்தான் சோப்பு, கஞ்சி, இஸ்திரி எல்லாம். கோயிலுக்குப் பின்னால் நிற்கிற செம்பருத்தி முப்பத்திரண்டு வருஷம் அந்தத் தண்ணீரிலேயே வளர்ந்தது. உபகாரமேரியின் விரல்களுக்கு அந்த வாசனை பழகியிருந்தது. நாக்குக்குத்தான் அது என்னவென்று தெரியாது.

போன ஆடி மாதம் கண்ணில் அழுத்தம் ஜாஸ்தியாக இருக்கிறது, பாண்டிச்சேரிக்குப் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று ஊரில் நடந்த கண் முகாமில் சொல்லி அனுப்பினார்கள். ஆல்பர்ட்டுக்கு லீவு கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுச் செந்தமிழ்ச்செல்வி நான் வருகிறேன் என்று கிளம்பிவிட்டாள். அவள் திரௌபதி அம்மனைக் கும்பிடுகிறவள். இரண்டு பேரும் ஒரே வைகாசியில் அந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். அதனால் சாமி வேறாக இருந்தாலும் சண்டை, சிரிப்பு, கைமாற்று எல்லாம் ஒன்றாகவே நடந்தது.

முதல் பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் என்று மாறி மாறிப் போய்ச் சேர்ந்தார்கள். ஆஸ்பத்திரியில் மெஷினில் மோவாயை வைக்கச் சொன்னார்கள், மருந்து விட்டார்கள், வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். பன்னிரண்டு மணிக்கு ஆபரேஷன் தேவையில்லை, தினம் ஒரு சொட்டு விட்டால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். கண்ணே போய்விடும் என்று பத்து நாளாகத் தூங்காமல் கிடந்தவள் உபகாரமேரி. அந்தச் சொல்லைக் கேட்டதும் ஆஸ்பத்திரி நடையிலேயே உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். செல்வி அவளை எழுப்பினாள். கடல் பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டேன் என்றாள். ஐம்பத்தாறு வயசு வரைக்கும் செல்வி கடல் பார்த்ததில்லை.

பார்த்தார்கள். செல்விதான் பார்த்தாள். உபகாரமேரி முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு அலைச் சத்தத்தைக் கேட்டாள். வெயில் தாங்கவில்லை. செல்வியின் தோளைப் பிடித்துக்கொண்டு கடற்கரையை ஒட்டிய தெரு ஒன்றில் நடந்தாள். இரண்டு பக்கமும் மஞ்சள் சுவர், பெரிய பெரிய கதவு என்று செல்வி சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே நிழல். நடுமுற்றத்தில் பவளமல்லி மரம், அதைச் சுற்றி நாலைந்து மேசை. உபகாரமேரி கேள்வி கேட்காமல் உள்ளே போய்க் கையில் அகப்பட்ட முதல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

கறுப்பு ஏப்ரன் கட்டிய ஒரு பெண் வந்தாள். தண்ணீர் வைத்தாள்.

“கண்ணுல மருந்து வுட்டுருக்குதும்மா. வெயிலு ஆவல. செத்த நேரம் குந்திக்கினு போயிடறோம்” என்றாள் உபகாரமேரி.

“குந்துங்க ஆயா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

அந்தக் குரலைக் கேட்டதுமே நம் பக்கத்துப் பெண் என்று செல்விக்குப் புரிந்துவிட்டது. எந்த ஊர் என்று கேட்டாள். திருநாவலூர், பேர் ராதிகா என்றாள் அந்தப் பெண். அப்படியானால் காலையில் நாங்கள் உன் ஊர் ரோட்டைத் தாண்டித்தான் வந்தோம் என்று செல்வி ஆரம்பித்து, யார் வீட்டுப் பெண், எத்தனை பேர் கூடப் பிறந்தவர்கள் என்பது வரைக்கும் போய்விட்டாள். அதற்குள் உள்ளேயிருந்து வெண்ணெயும் மீனும் வாட்டுகிற வாசனை வந்தது. காலையில் பஸ்ஸில் தின்ன புளிச்சோறு எப்போதோ கரைந்துபோயிருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சரி, சாப்பிட்டுவிட்டே போகலாம் என்று செல்வி சொன்னாள். கண் பிழைத்ததற்கு இது கூடச் செய்யவில்லை என்றால் எப்படி?

மதியத்துக்கு ஒரே ஒரு சாப்பாடுதான், மீன், ரொட்டி, வேகவைத்த காய் என்று ராதிகா சொன்னாள். அதோடு ஒரு கிளாஸ் வரும். ஜூஸ் வேண்டுமானால் ஜூஸ், ஒயின் வேண்டுமானால் ஒயின்.

செல்வி ஜூஸ் என்றாள். உபகாரமேரி மேசைத் துணியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். நல்ல பருத்தி, கஞ்சி கம்மி.

“ஒயினு செவப்பா, வெள்ளையா?” என்றாள்.

ராதிகா திகைத்துப்போனாள். “ரெண்டும் இருக்குது ஆயா. ஆனா அது போதைதான். பாத்துக்குங்க, அப்பறம் என்னைச் சொல்லாதீங்க.”

“தெரியும்மா. செவப்பே குடு.”

செல்வி மேசைக்கடியில் அவள் தொடையைக் கிள்ளினாள். “இன்னாடி இது, புத்தி கித்தி பிசகிப்போச்சா?”

“சாப்பாட்டோட வருதுல்ல. உனுக்கு ஜூஸு, எனுக்கு அது.”

இதைத்தான் இவ்வளவு தூரம் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தெரியாமல் வாங்கவில்லை. யாரும் ஏமாற்றிக் கொடுக்கவில்லை. அந்தப் பெண் எச்சரித்தும்தான் கேட்டாள்.

கிளாஸ் வந்தது. நீளக் கால் வைத்த கிளாஸ். புகைக்குள்ளே சிவப்பாக ஏதோ நிற்பது மாதிரி அவளுக்குத் தெரிந்தது. கண்ணுக்கு வேலை இல்லாததால் மூக்கு முந்திக்கொண்டது. முப்பத்திரண்டு வருஷ வாசனை. அவள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு வாய் குடித்தாள். அப்புறம் சிரித்தாள். சத்தம் போட்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரித்தாள். பக்கத்து மேசை வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்து அவர்களும் சிரித்தார்கள்.

ஏன் சிரித்தாள் என்று ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. செல்விக்குத் தெரியும். இங்கே சொல்வது தப்பென்றால் தப்பாகவே இருக்கட்டும், செபாஸ்தியான் போய்ச் சேர்ந்துவிட்டார், இனி அவரை நிற்க வைத்து யார் கேட்கப்போகிறார்கள்?

கல்யாணமான புதிதில் செபாஸ்தியான் மாதத்தில் முதல் சனிக்கிழமை, அப்போது கோயிலில் இருந்த பெரிய சாமியாரோடு கல்வராயன் மலைக்குப் போவார். வெள்ளிமலை வரைக்கும் ஜீப், அதற்கு மேல் நடை. மலைக் கிராமங்களில் இருந்த நாலைந்து வேதக்காரக் குடும்பங்களுக்குப் பூசை வைக்கப் போகிற பயணம் அது. பூசைச் சாமான் பெட்டியைச் சுமப்பது செபாஸ்தியான். சாமியாருக்குச் சமைக்க உபகாரமேரியும் போவாள். கொண்டை ஊசி வளைவுகளில் பெட்டி ஆடும் என்பதால் இரச பாட்டிலை மட்டும் தனியாக எடுத்து, துண்டில் சுற்றி, அவள் மடியில் கொடுத்துவிடுவார்கள். பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு வருவாள்.

ஒரு ஐப்பசியில் பாறை சரிந்து ஜீப் பாதி மலையில் நின்றுபோனது. சாமியாரும் டிரைவரும் ஆள் கூப்பிடக் கீழே நடந்தார்கள். இவர்கள் இரண்டு பேரும் பின் சீட்டில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். தார்ப்பாயின் மேல் மழை. எதிரே பள்ளம் முழுக்க மூடுபனி. ஒரே போர்வை. அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. ஒரு வாய் குடித்தால் குளிர் தெரியாது என்று செபாஸ்தியான் மடியில் இருந்த பாட்டிலைக் கண்ணால் காட்டினார். சாமிக்கு உள்ளதை வாயால்கூடச் சொல்லாதே என்று அவள் சீறினாள். அவர் விடவில்லை.

“எப்பிடி இருக்கும் தெரியுமா மேரி? நல்லாப் பழுத்த நாவப்பழத்த வெறும் வயித்துல தின்னு, கொட்டையயும் சேத்துக் கடிச்சாப்புல இருக்கும். தொண்டை வரைக்கும் துவர்ப்பு. எல்லாம் எறங்கின பெறகு, கடேசில ஒரே ஒரு இனிப்பு வந்து நாக்குல குந்திக்கும்.”

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். பெரிய சாமியார் சொன்னார் என்றார். ஒருநாள் டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கடையில் காசு கொடுத்தே வாங்கித் தருகிறேன், அப்போது பேசு என்றார். அதற்கப்புறம் எத்தனையோ தரம் டவுனுக்குப் போனார்கள். உரம் வாங்க, பிரசவத்துக்கு, மகனைக் காலேஜில் சேர்க்க. அது மட்டும் நடக்கவில்லை.

பவளமல்லி நிழலில் அந்த முதல் வாய் தொண்டையில் இறங்கியபோது நாவல்பழம் வந்தது. கொட்டையின் கசப்பு வந்தது. எல்லாம் இறங்கின பிறகு, சொல்லிவைத்த மாதிரி, கடைசியில் ஒரே ஒரு இனிப்பு நாக்கில் வந்து உட்கார்ந்தது. பெரிய சாமியார் சொன்னாராம். பெரிய சாமியார் பூசைச் சாமான் அறையில் யாராவது தும்மினால்கூட முறைக்கிறவர். அவரா உட்கார்ந்து நாவல்பழக் கதை சொல்லியிருப்பார்? பாட்டிலை வாயில் வைக்காதவனுக்கு அந்தக் கடைசி இனிப்பு எப்படித் தெரியும்? இருபத்தைந்து வருஷம் கூட வாழ்ந்து, அந்த மனுஷனின் திருட்டை, அவர் போய் ஒன்பது வருஷம் கழித்துப் பாண்டிச்சேரியில் கண்டுபிடித்தாள்.

“ஒரு வாயிக்கே ஏறிப்போச்சாடி?” என்றாள் செல்வி.

உபகாரமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளிடம் சொன்னாள். செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். என் புருஷன் கோயிலில் உடைக்கிற தேங்காயில் சாமி பார்ப்பதற்குள் தண்ணீரைக் குடித்துவிடுவான், அதையே பெரிய பாவம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன் என்றாள். அப்புறம் இரண்டு பேருமாகச் சிரித்தார்கள்.

மீன் வந்தது. உப்பும் எலுமிச்சையும்தான், மிளகாய் என்ற பேச்சே இல்லை. ரொட்டி மேலே முறுக்கு மாதிரி நொறுங்கியது, உள்ளே இட்லி மாதிரி இருந்தது. செல்வி அது சாப்பாடே இல்லை என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது ரொட்டியும் கேட்டு வாங்கினாள். உபகாரமேரிக்கு எல்லாமே பிடித்திருந்தது. ஒரு துண்டு மீன், ஒரு வாய் ஒயின், அப்புறம் செபாஸ்தியானைப் பற்றி ஒரு பேச்சு. அவர் வெள்ளிமலைச் சந்தையில் சாமைக்குப் பேரம் பேசிய கதை, மழையில் நனைந்த பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடையைத் தாண்டிய கதை, ஆல்பர்ட் பிறந்தபோது கோயில் மணியை நேரம் கெட்ட நேரத்தில் அடித்து வாங்கிக் கட்டிக்கொண்ட கதை. ஒன்பது வருஷமாக அவர் பேரை எடுத்தாலே ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த முகம்தான் அவளுக்கு வரும். அன்றைக்கு அந்த முகம் வரவில்லை. தார்ப்பாய்க்கு அடியில் ஒரே போர்வைக்குள் இருந்த முகம் வந்தது. அதை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல் கிளாஸை மெதுவாகவே குடித்தாள்.

செல்விக்கு ஊறுகாய் ஞாபகம் வந்தது. காலையில் மிச்சம் வைத்த பொட்டலத்தைப் பையிலிருந்து எடுக்கக் கையை நீட்டியவள் கிளாஸைத் தட்டிவிட்டாள். கால்வாசி இருந்தது அப்படியே வெள்ளைத் துணியில் ஓடியது.

உபகாரமேரியின் கை யோசிக்கவில்லை. மடியில் விரித்திருந்த கைத்துண்டை எடுத்தாள், சிந்தினதை ஒற்றினாள், துண்டை மூன்றாக மடித்தாள். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவா என்றாள். ராதிகா நான் துடைக்கிறேன் என்றதைக் காதில் வாங்கவில்லை. துண்டைக் கிண்ணத்தில் அலசிப் பிழிந்தாள். அப்புறம் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்து மரத்தை நோக்கி நடந்தாள். பாத்தியைச் சுற்றிப் பதித்திருந்த செங்கல் புகையில் தெரியவில்லை. கால் இடறி, சமாளித்து நின்றாள். குனிந்து, கையால் தடவி, கால் மிதிக்காத இடமாகப் பார்த்து, மரத்தின் வேரில் அந்தத் தண்ணீரை ஊற்றினாள். ஊற்றின பிறகுதான் இது பூசை வைக்காத வெறும் ஒயின் என்பது அவளுக்கு உறைத்தது. கிண்ணத்தை வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தாள்.

அந்த நேரத்தில் கதவோரம் ஒரு ஆள் நின்றிருந்தான். பிரவீன்குமார். அதே தெரு லட்சுமியம்மாளின் மகன், பாண்டிச்சேரியில் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. பார்சலுக்காகக் காத்திருந்தவன் ஒரு போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினான். உபகாரம் பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லை போல, வீட்டில் சொல்லிவிடு என்று பேசியும் அனுப்பினான். அதற்குள் பார்சல் வந்துவிட்டது. ஒரு நிமிஷம் தாமதித்தால் போன் கத்துகிற வேலை அது, அவன் போய்விட்டான். அவன் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. லட்சுமியம்மாள் அந்தப் பேச்சை விட்டுவிட்டுப் போட்டோவை மட்டும் நாலு பேருக்கு அனுப்பினாள். போட்டோவில் பின்னால் மேசை, மேசையில் சாய்ந்து கிடக்கிற கிளாஸ், முன்னால் மரத்தடியில் குனிந்திருக்கிற உபகாரமேரி.

சாயங்காலம் பஸ்ஸில் இரண்டு பேரும் தூங்கிக்கொண்டே வந்தார்கள். ஊரில் இறங்கியபோது செய்தி அவர்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

அந்தப் பக்கத்தில் குடியால் கெட்ட வீடுகள் அதிகம். தாலி இறங்கிய வீடுகளும் உண்டு. ஆண்பிள்ளை குடித்தால் ஊர் தலையில் அடித்துக்கொண்டு போய்விடும். பெண்பிள்ளை, அதுவும் பூசைத் துணி தொடுகிறவள் குடித்தாள் என்றால் சும்மா விடுமா? ஒரு கிளாஸ் இரண்டு நாளில் ஒரு பாட்டில் ஆனது. மாதாமாதம் கண் ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டு இதற்குத்தான் போகிறாள் என்றார்கள். போனது ஒரே தரம். செல்வி தெருவில் நின்று கத்திப் பார்த்தாள். அவளும் கூடக் குடித்தவள், அவள் பேச்சை எடுக்க முடியுமா என்று அதையும் அடைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் பேரவை கூடியது. சாமியார் வயதில் சின்னவர், வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, பேசாமல் உட்கார்ந்திருந்தார். பேசியது தெய்வசிகாமணி. ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர், ஆல்பர்ட்டுக்கு வாத்தியார், கெட்ட மனுஷன் இல்லை. அவர் உபகாரமேரிக்கு ஒரு வழி செய்து வைத்துக்கொண்டுதான் வந்திருந்தார். ஜூஸ் என்று நினைத்துக் குடித்துவிட்டேன், கண் தெரியவில்லை, மயக்கம் வந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த ஞாயிறு அவரே எழுந்து எல்லாருக்கும் எடுத்துச் சொல்லிவிடுவார். போட்டோ அதோடு செத்துப்போகும், பூசைச் சாமான் அறைச் சாவி அவளிடமே இருக்கும்.

ஆல்பர்ட் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லிவிடு என்று அவன் கண் கெஞ்சியது. உபகாரமேரிக்கும் அந்த வேலை உயிர்தான். சாவி இடுப்பில் இல்லாமல் ஒரு நாள்கூட அவள் இருந்ததில்லை. வாயைத் திறந்து ஒரு பொய் சொன்னால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஆனால் அந்தப் பொய்யைச் சொன்னால், தெரியாமல் நடந்த மயக்கமாகிப்போவது கிளாஸ் மட்டும் இல்லை. நாவல்பழமும், தார்ப்பாய் மழையும், சிரித்த சிரிப்பும் எல்லாமே தப்பாக நடந்த ஒன்றாகிவிடும். உண்மையை முழுக்கச் சொல்லவும் முடியாது. மலைக்குப் பெட்டி சுமந்தவர் என்று ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் செபாஸ்தியானின் பேரைப் பீடத்திலிருந்து வாசிக்கிறார்கள்.

“தெரிஞ்சுதான் குடிச்சேன் சார்” என்றாள். “அந்தப் பொண்ணு போதைன்னு சொல்லிச்சு, நான்தான் குடுன்னேன். வாந்தி எடுக்கல, மயக்கம் வரல. நல்லா இருந்துது.”

“யம்மா, அந்தக் கடேசி வார்த்தைய வுட்டுடும்மா” என்றார் தெய்வசிகாமணி. அவர் குரலில் வேதனைதான் இருந்தது.

“அதான சார் நெசம்.”

வேறு வழி இல்லாமல் போனது. அறைச் சாவியை உபகாரமேரியே இடுப்பிலிருந்து அவிழ்த்து மேசைமேல் வைத்தாள். எந்தத் துணி எந்த அடுக்கில் இருக்கிறது, முதல் தண்ணீரை எங்கே ஊற்ற வேண்டும் என்று இரண்டு தரம் சொன்னாள். சாமியார் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஆல்பர்ட் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேச்சு அடங்குகிற வரைக்கும் வெளியே போக வேண்டாம், தண்ணீர் ஷீபா பிடிப்பாள், பூசைக்குக்கூட இரண்டு மாதம் போக வேண்டாம் என்றான். பள்ளிக்கூடத்தில் பியூன்கூட அந்தப் போட்டோவைக் காட்டிச் சிரிக்கிறான் என்று சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. உபகாரமேரி சரி என்றாள். மகன் முகத்துக்காகப் பத்தொன்பது நாள் உள்ளேயே இருந்தாள். அரிசி புடைத்தாள், மருமகள் தைத்த ரவிக்கைகளுக்குக் கொக்கி வைத்தாள், நேரத்துக்குக் கண்ணில் சொட்டு விட்டுக்கொண்டாள். வாசலில் யாராவது நின்றால் எழுந்து பின்கட்டுக்குப் போனாள். ஒருநாள் செல்வி கூப்பிட்ட சத்தத்துக்கே அப்படி எழுந்து போய்விட்டாள். போன பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. கோழிக் கூண்டுக்குப் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றாள்.

மறுநாள் ஷீபாவிடம் போன் கேட்டாள். ஷீபா எதற்கு என்று கேட்கவில்லை. வெள்ளிமலைக்கு மேலே பிள்ளைகள் விடுதி நடத்துகிற கன்னியாஸ்திரியின் நம்பரைத் தேடி, அழுத்தி, கையில் கொடுத்துவிட்டு மிஷினை வேகமாக மிதிக்க ஆரம்பித்தாள். விடுதியில் சமையலுக்கு ஆள் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறார்கள் என்பது உபகாரமேரிக்குத் தெரியும். வேலை கேட்பதற்கு முன்னால் அவள் சொன்ன முதல் பேச்சு இதுதான்:

“சிஸ்டர், நான் பாண்டிச்சேரியில ஒரு கிளாஸ் ஒயினு குடிச்சேன். போட்டோவும் இருக்குது, உங்களுக்கும் வரும். பாத்துட்டு யோசிச்சுச் சொல்லுங்க.”

அந்தப் பக்கம் பிள்ளைகள் கத்துகிற சத்தம் கேட்டது.

“எண்பது பேருக்கு வடிப்பீங்களா?” என்றார் சிஸ்டர்.

வடிப்பேன் என்றாள்.

ஆல்பர்ட்டிடம் அன்றைக்கே சொன்னாள். மகனைப் பழி சொல்லிவிட்டுப் போகவில்லை என்பதை மூன்று தரம் சொன்னாள். அவன் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தான். மூன்றாம் நாள் போவதானால் விடிவதற்கு முன்னால் போ, பைக்கில் கள்ளக்குறிச்சியில் கொண்டுபோய் விடுகிறேன், யாரும் பார்க்க வேண்டாம் என்றான்.

“வெள்ளிமலை பஸ்ஸு ஏழேகாலுக்கு நம்ம ரோட்டுலயே நிக்கும் ஆல்பர்ட்டு. நான் அதுலயே போறேன்.”

ஏழு மணி என்பது தெருக்குழாயில் தண்ணீர் விடுகிற நேரம். தெருவே குடத்தோடு நிற்கும். அவனுக்கும் அது தெரியும்.

அன்றைக்குக் காலையில் உபகாரமேரி தலைக்குக் குளித்து, திருவிழாப் புடவை கட்டினாள். ஷீபா சோறு கட்டிக் கொடுத்தாள், தானே தைத்த இரண்டு ரவிக்கைகளைப் பையில் வைத்தாள். ஆல்பர்ட் சட்டை போட்டுக்கொண்டு, எங்கே போவது என்று தெரியாத மாதிரி கூடத்தில் நின்றான். மழைக்குத் தார்ப்பாய் எடுத்துக்கொண்டாயா என்று என்னவோ கேட்டான். மலையில் கூரை இருக்கிறது என்று சொல்லி அவன் கன்னத்தைத் தடவினாள். பத்தொன்பது நாளாகத் தாழ் போட்டே வைத்திருந்த முன்கதவை இரண்டு பக்கமும் தள்ளித் திறந்தாள்.

குழாயடியில் நின்ற செல்வி குடத்தைப் போட்டுவிட்டு வந்து பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டாள். லட்சுமியம்மாள்தான் வரிசையில் முதலில் நின்றிருந்தாள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல், “எங்க கெளம்பிட்ட, இவ்ளோ காலையில?” என்றாள்.

“மலைக்கு, வேலைக்கு” என்று உபகாரமேரி நின்று பதில் சொன்னாள். “ஒம் புள்ள பிரவீனு கையில சொல்லு, எனுக்கு ஒடம்பு நல்லாத்தான் இருக்குது. அவந்தான் வெயில்ல அலையறான், எளைச்சுப் போயிட்டானாம், செல்வி அவன் ஸ்டேட்டஸ்ல போட்ட போட்டோவப் பாத்துட்டுச் சொன்னா. வேளைக்குச் சாப்புடச் சொல்லு.”

லட்சுமியம்மாளின் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. உபகாரமேரி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செல்வியை இழுத்துக்கொண்டு, குழாயடி ஈரத்தைத் தாண்டி வேகமாக நடந்தாள்.